சுல்தானிடம் இல்லாத எழுத்து

மாண்பும் அன்பும் மிக்க என் கணவர் யாக்கூப் அவர்களின் சமூகத்திற்கு, கடையநல்லூரிலிருந்து ஷமீம் பானு ஸலாம் கூறி வரைவது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்திற்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். கடிதம் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். போனில் சொன்னால் தாங்கள் சிரித்துவிடுவீர்கள் என்பதால், தாங்கள் இருக்கும் ஷார்ஜாவுக்கே புறப்படும் காஜா அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

செய்தி, செங்கோட்டைப் பக்கம் தாங்கள் வாங்கி வந்த காளைக்கன்று சுல்தானைப் பற்றியது. புறப்பட்ட அன்று தொழுவத்தில் நின்று, "இவன் என் தோளைத் தொட்டதும் கறிக்காரருக்கு வித்துட்டு, நான் இங்கனயே கடை போட்டு இருந்துருவேன்" என்று வாக்களித்தீர்கள். உடனே தங்களைத் தூணோடு நிறுத்தி, தோளுயரத்திற்குக் கரிக்கோடு போட்டேன். மூன்றாண்டுகளாகப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊட்டி அளந்து வருகிறேன். கோடு மேலேயும் அவன் கீழேயுமாக நிற்கிறார்கள். தங்கள் தம்பி முஃபீத், "மைனி, கோட்டை அழிச்சு இடுப்புக்குப் போட்டுருங்க, அண்ணன் நாளைக்கே வந்துருவான்" என்கிறார். ஒரு முறை போட்ட கோட்டை அழிக்கும் வழக்கம் என்னிடம் இல்லை என்று பதிலுரைத்தேன்.

இந்நிலையில், சாரல் தொடங்கியதும் கால்நடைக் கல்லூரி ஒன்றிலிருந்து அனுசியா என்னும் ஆய்வாளர் வந்தார். இறைச்சிக்கென நன்கு வளரும் நாட்டு மாடு எதுவென்று மரபணுவைப் பார்த்தே அறியும் ஆய்வாம். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த அவர் துண்டைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, சுல்தானின் வால்முடியை வேரோடு பறிக்க, சுல்தான் அந்தத் துண்டைத் தின்ன, முஃபீத் மறுமுனையைப் பிடித்து இழுக்க, நான் மாட்டைப் பிடிப்பதா கொழுந்தனைப் பிடிப்பதா என்று தடுமாற, மாடும் கொழுந்தனுமா இரண்டு பேரும் சாணியில விழுந்து எந்திரிச்சாங்க. துண்டு திரும்பி வரவில்லை.

முடிவோடு அனுசியா சென்ற வாரம்தான் மறுபடி வந்தார். மரபணு என்பது நீண்ட எழுத்து வரிசையாம். நன்கு வளரும் மாடுகளுக்கு அதில் சில இடங்களில் எழுத்து மாறியிருக்குமாம். அந்த எழுத்துகளில் ஒன்றுகூட நம் சுல்தானிடம் இல்லை. மளிகை கட்டி வந்த தாள்களைப் படித்தே தமிழ் கற்றவள் நான். என் தொழுவத்திலா எழுத்துப் பிழை என்று கேட்டேன்.

"பிழை இல்லக்கா. அவன் எழுத்தே அதுதான். குட்டை இனம், வளந்து முடிச்சிட்டான்" என்றார்.

அதன்பின் நான் தூணருகே செல்லவில்லை. சாரல் வலுக்கும்போது தொழுவக் கதவைத் தனியே சாத்துகிறேன். அது இரண்டு பேர் சாத்த வேண்டிய கதவு.

நிறைவேற இயலாத நிபந்தனையில் தங்களை நிறுத்தி வைத்தல் முறையன்று. ஆகவே அவ்வாக்கிலிருந்து தங்களை முழுமனத்துடன் விடுவிக்கிறேன். அல்லாஹ் தங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக.

இங்ஙனம்,
ஷமீம் பானு

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று முஃபீத் தொழுவத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் அருந்துகையில், சுல்தான் அருகில் வந்து நின்றான். அவன் திமில் முஃபீதின் தோளுக்குச் சரியாக இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே உயரம் என்பது ஊரறிந்தது. நிற்க வைத்துக் கோடு போட்டது நான். தாங்கள் சொன்னது தோள் மட்டுமே. நிற்கும் தோளா, உட்காரும் தோளா என்று சொல்லவில்லை. எனவே நிபந்தனை நிறைவேறிற்று. மேற்கண்ட விடுவிப்பு ரத்து. அவனை விற்பதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். வந்து உட்காருங்க மச்சான். சீக்கிரம் பதில் போடுங்க.