எடில்மாவுக்காக ஒரு சுத்தமான வண்டி

"இனிமே பெட்ரோல் வண்டியில நான் ஏற மாட்டேங்க," என்று எடில்மா சொன்னபோது, அவள் கணவர் அர்ஹெமீரோ சோள ரொட்டியான அரேப்பாவைக் கடித்த வாய் கடித்தபடியே நின்றுவிட்டது.

"என்ன திடீர்னு?"

"புகைங்க. பூமியே கெட்டுப்போகுதாம். கோயில் வகுப்புல சொன்னாங்க."

கார்மேல் மாதா திருநாளுக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. ஓட்டுநர்களைக் காப்பவள் அந்த மாதாதான். அன்றைக்கு அந்த மலையூரில் சக்கரம் உள்ள அத்தனையும் பலூனும் காகிதப்பூவும் கட்டிக்கொண்டு, காது கிழிய ஹாரன் அடித்தபடி ஊர்வலம் போகும். கல்யாணமான வருஷத்திலிருந்து அர்ஹெமீரோவின் பக்கத்து இருக்கையில், மடியில் மாதா படத்தோடு உட்கார்ந்து வந்தவள் எடில்மா. போன வருஷம் மட்டும் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். காலி இருக்கையோடு ஊரைச் சுற்றியவரிடம், வீட்டில் ஏதும் சண்டையா என்று விசாரிக்காத ஆள் பாக்கியில்லை.

இந்த வருஷமோ ஊர்வலத்தின் முதல் வண்டி அவருடையதுதான் என்று ஓட்டுநர் சங்கம் முடிவு செய்திருந்தது. மலைப்பாதையில் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. அதில் அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது. எப்படியும் அவளை உட்கார வைத்தே தீருவது என்று அன்றே முடிவு கட்டினார்.

பிள்ளையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பெட்ரோல் காரை விற்றார். பக்கத்து நகரத்தில் இருந்த மருமகனைப் பிடித்து, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய மின்சாரக் கார் ஒன்றை வாங்கினார். முதல் நாளே எடில்மாவை உட்கார வைத்து மலையைச் சுற்றிக் காட்டக் கிளம்பினார்.

வண்டியில் சத்தம் என்பதே இல்லை. ஆனால் மிதித்தால் பாய்ந்தது. ஏற்றத்தில் எப்போதும் வழிமறித்துக்கொண்டு உறுமும் காப்பி லாரியை, சரியாக வளைவில் வைத்து முந்தினார். முந்திய விதத்தை மனைவிக்கு விளக்க இரண்டு கைகளும் தேவைப்பட்டதால் ஸ்டீயரிங்கைச் சற்று நேரம் முழங்காலிடம் ஒப்படைத்தார். எடில்மா வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

மறுநாள் காலையில் அவள் மெல்ல ஆரம்பித்தாள். "கரண்டும் அவ்வளவு சுத்தம் இல்லையாமேங்க. மழை பொய்க்கிற வருஷத்துல அணை வத்திப்போய் நிலக்கரியைத்தான் எரிக்கிறாங்களாம்."

அர்ஹெமீரோ அசரவில்லை. ஆட்களைக் கூட்டி வந்து கூரை முழுக்க சோலார் பலகைகளைப் பதித்தார். அதற்காக மாடியில் இருந்த அவளுடைய ஆர்க்கிட் தொட்டிகள் கொல்லைக்கு இறங்கின, துணிக்கொடி போன இடம் தெரியவில்லை, ஆட்கள் மிதித்து உடைத்த ஓட்டின் வழியாக அடுப்படியில் மழை பெய்தது. குடை பிடித்துக்கொண்டு சூப் கிண்டிய எடில்மாவிடம், இனி நம் வண்டி சூரியனில் ஓடுகிறது என்று பெருமையாகச் சொன்னார்.

சூப்பைக் கிண்டிக்கொண்டே அவள் பேட்டரிப் பேச்சுக்குப் போனாள். தெற்கே உப்புப் பாலைவனத்தில் அதற்கு வேண்டிய லித்தியத்துக்காகத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறார்களாம், அங்கே ஆடு மேய்ப்பவர்களுக்குக் குடிக்க நீரில்லையாம்.

மனிதர் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்காததையெல்லாம் அங்கே படித்தார். தோண்டுவதில் கேடு உண்டு, இல்லையென்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பெட்ரோல் கார் ஓடி ஓடிக் கக்கும் புகை சில வருஷங்களில் அந்தக் கேட்டை முந்திவிடும், அதிலும் ஒருவர் ஓட்டிய மின்சார வண்டியைத் தூக்கிப் போடாமல் ஓட்டுவது புண்ணியம் என்று விளக்கினார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எடில்மாவுக்குப் பெரிய சங்கடமாகப் போயிற்று.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தாள். "டயர் தேஞ்சு தூசி பறக்குதாம். பிரேக் தேயுற தூசியும் விஷமாம். மெதுவா, நிதானமாப் போனா ஒண்ணும் தேயாதாம்ங்க."

மெதுவாக, நிதானமாக என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. பிரேக் என்பது மட்டும் ஏறியது.

மறுநாள் மலையுச்சியிலிருந்து சந்தை வரைக்கும் ஒரே ஒரு தடவைகூட பிரேக்கைத் தொடாமல் இறங்கினார். கோழிகள் பறந்தன. பத்திரம் எழுதும் பெரிய மனிதர் ஒருவர், வயதையும் மதிப்பையும் மறந்து வாழைக்குலைக் குவியலுக்குள் பாய்ந்தார். பக்கத்தில் எடில்மா கண்ணை மூடிக்கொண்டு செபமாலையை முழுக்கச் சொல்லி முடித்தாள். திருநாள் நெருங்க நெருங்க இவளுக்குப் பக்தி கூடுகிறது என்று அர்ஹெமீரோ மகிழ்ந்து போனார்.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புகை இல்ல. நிலக்கரி இல்ல. பிரேக் தூசியும் இல்ல. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

எடில்மா கூரையைப் பார்த்தாள். "இல்லீங்க," என்றாள்.

"அப்போ நாளைக்கு வர்றியா? நீ இல்லாம அந்தச் சீட்டை என்னால பார்க்க முடியல."

அவள் கண் கலங்கியது. கோயிலுக்குப் பூ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், முன்னால் போகிறேன், அங்கிருந்து வருகிறேன் என்றாள்.

மறுநாள் பலூன் கட்டிய மின்சாரக் கார் கோயில் வாசலில் முதல் ஆளாக நின்றது. பக்கத்து இருக்கையில் அவர் புதுத் துணி விரித்திருந்தார். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். பின்னால் ஹாரன்கள் பொறுமையிழந்தன. எடில்மா வரவில்லை.

அர்ஹெமீரோ இறங்கி வரிசையின் ஓரமாகப் பின்னோக்கி நடந்தார். லாரிகள், ஜீப்புகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் தாண்டிக் கடைசியில், பலகை இருக்கை போட்ட பழைய மரப் பேருந்து ஒன்று கரும்புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. ஊரிலேயே பெரும்புகை அதனுடையதுதான். அதன் முதல் வரிசையில், மடியில் மாதா படத்தோடு, முகமெல்லாம் கரி படிய எடில்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"இந்தப் புகையிலயா எடில்மா?"

அவள் தலையைக் குனிந்து மாதாவைப் பார்த்தாள். பேருந்தின் பின்புற ஏணியில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துனர்தான் அவளுக்காகப் பதில் சொன்னான்.

"அம்மா ஒரு வருஷமா எங்க வண்டியிலதான் சந்தைக்கு வர்றாங்க, பெரியவரே. புகையைப் பத்தி ஒருநாளும் வாயே தெறந்ததில்ல. 'உங்க டிரைவர் வளைவுல பிரேக் போடுறாரு தம்பி, எனக்கு அது போதும்'னுதான் சொல்வாங்க."