ஒரு ‘சோ’வும் ஒரு ‘பி’யும்

“சோயா எலிங்க எடை என்னங்க?” என்று ஆராய்ச்சி மேடம், ஆய்வகத்து எலிகளைப் பார்த்துக்கொள்ளும் எலிக்காரரிடம் கேட்டார்.

“எது மேடம் சோயா எலி?”

“கூண்டுல ‘சோ’ன்னு ஒட்டியிருக்கேனே! ‘பி’ன்னா பிளாஸ்டிக் எலி.”

எலிக்காரர் கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தார். ‘சோ’ என்றால் சோதனை, ‘பி’ என்றால் பிண்ணாக்கு என்று அவராகவே முடிவுகட்டி, மூன்று மாதமாக முன்னதற்குப் பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீரும் பின்னதற்குச் சோயாப் பிண்ணாக்கும் வைத்திருக்கிறார்.

குட்டியிலேயே உடம்புக்குள் போகும் பிளாஸ்டிக் ரசாயனமும் சோயாச் சத்தும் பிற்காலத்தில் புராஸ்டேட் சுரப்பியை என்ன செய்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. ஆணுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. ஆண் குட்டிகளாக மேடமே பொறுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் பார்த்ததெல்லாம் எலிக்காரர் எழுதும் நோட்டைத்தான்.

பதினொரு மணிக்கு ஆராய்ச்சியைச் சரிபார்க்க நிபுணர் வருகிறார். அவர் திருப்தியாகப் போனால், ஏழு வருடத் தற்காலிகம் எலிக்காரருக்கு நிரந்தரமாகும்.

சீட்டுகளை மாற்றி ஒட்டினார். அப்புறம்தான் வால்கள் கண்ணில் பட்டன. சோயாவுக்குப் பச்சை மை, பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு என்று மேடம் முதலிலேயே பூசியிருந்தார். மாற்றிப் பூசுவதற்காக ஸ்பிரிட்டால் எல்லா வாலையும் துடைத்தார். கடைசி எலி விரலைக் கடித்தது. கையை உதறியதில் இரண்டு கூண்டும் கவிழ்ந்தன.

கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்து எல்லாவற்றையும் மடக்கினார்.

“எது எந்தக் கூண்டுன்னு தெரியுதாக்கா?”

“எலின்னு தெரியுது தம்பி. போடு உள்ள.”

கைக்கு வந்ததைப் பாதிப் பாதியாகப் போட்டார்.

நிபுணர் வந்தார். நோட்டைப் புரட்டி, “பிரமாதம்! இவரைத்தான் நிரந்தரமாக்கணும்” என்றார்.

எலிக்காரருக்குத் தாங்கவில்லை. பொய்யில் வாங்கும் வேலை அவருக்கு வேண்டாம்.

“ஐயா, தப்பு நடந்துபோச்சு. சோயாவையும் பிளாஸ்டிக்கையும் மாத்தி வச்சுட்டேன். இப்ப எலியும் கலந்துபோச்சு.”

மேடம் வெடித்தார். “என் மூணு மாச உழைப்பு! கண்ண எங்க வச்சிருந்தீங்க? ஒண்ண எடுக்கும்போது அது என்னன்னு பார்த்து எடுக்க மாட்டீங்களா?”

எலிக்காரர் கூண்டுச் சாவியை மேசையில் வைத்தார். வேலை போனது போனதுதான்.

கூண்டருகே குனிந்திருந்த கூட்டுகிற அம்மா நிமிர்ந்து சொன்னார்:

“மேடம், உங்க ஆம்பளை எலி ஒண்ணு இங்க ஒன்பது குட்டி போட்டிருக்கு.”