புரட்டாசி சனிக்கிழமையும் ஒரு தெர்மாகோல் பெட்டியும்

கேஸ் சிலிண்டரை லேசாக ஆட்டிப் பார்த்தே, இன்னும் எத்தனை வேளைக்கு வரும் என்று சொல்லிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். நான் ஆட்டினால் சிலிண்டர் வாயே திறப்பதில்லை. அதனால் படிப்பை நம்பினேன். பி.எஸ்ஸி. இயற்பியல். அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புதுப்பட்டினத்துக்கு நாங்கள் தனிக்குடித்தனம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வரிசை வீடு, நான்கு குடும்பத்துக்கு ஒரே வராண்டா. கணவருக்கு ஒப்பந்த வேன் ஓட்டும் வேலை. எனக்கு டியூஷன், இரண்டு வயது மகள், மீதி நேரத்துக்குக் கவலை. ஒற்றை சிலிண்டர்தான், தீர்ந்தால் அடுத்தது வரும்வரை அடுப்புக்கு விடுமுறை. கரண்ட் அடுப்பு வாங்கலாம் என்றால், வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்திருந்தார். யூனிட்டுக்கு அவர் சொல்வதுதான் விலை. (அரசாங்கம் கொடுக்கும் இலவச யூனிட் எங்கள் வாசல்வரை வந்ததே இல்லை. வழியில் வீட்டுக்காரர் வீட்டிலேயே தங்கிவிடும்.)

அந்தச் சமயத்தில்தான் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு வழி சொன்னார்கள். அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தைப் பழைய துணியில் சுற்றி, சூடு வெளியேறாத பெட்டிக்குள் வைத்துவிட்டால், மீதியை அதுவே வேகவைத்துக்கொள்ளுமாம். ஒரே நிபந்தனை, இரண்டு மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் கேட்டுவிட்டு சமோசா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் குறிப்பெடுத்தேன்.

பெட்டி கொடுத்தவர் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா. தெருத்தெருவாக மீன் விற்பவர். அவருடைய பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்றைப் புளி, மஞ்சள், எலுமிச்சை என்று ஏழு தண்ணீர் கழுவி, மூன்று நாள் வெயிலில் போட்டேன். மூடி இறுகப் பிடிக்கும்படி கயிறு கட்டுவதையும் அவரிடமே கற்றுக்கொண்டேன். (அதே பெட்டி, அதே கயிறு, அதே முடிச்சு. இங்கேயே நீங்கள் பயப்படத் தொடங்கலாம். நான் தொடங்கவில்லை.)

நாலு நாள் சாதம் அருமையாக வெந்தது. ஐந்தாவது நாள் புரட்டாசி சனிக்கிழமை. மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். மாமனார் புரட்டாசி மாதம் முழுக்க மீன்வாடையைக்கூடப் பொறுக்க மாட்டார். எங்கள் தெருவுக்கே மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டுதான் வந்தார். பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் வாயில் படும். கணவருக்கு அன்று வேலை. ஆக, இந்தப் பெண் தனியாகக் குடும்பம் நடத்துவாளா என்பதற்கு அன்று பரீட்சை, நான் ஒருத்திதான் பரீட்சை எழுதுகிறவள்.

வெண்பொங்கலைக் கொதிக்கவிட்டு, நெய்யும் மிளகும் தாளித்துக் கொட்டி, பெட்டியில் வைத்துக் கட்டினேன். கத்திரிக்காய் கொத்சு இறங்கிய கையோடு அடுப்பு ஒரு முறை விக்கி அணைந்தது. சிலிண்டர் காலி. இனி அந்தப் பெட்டிதான் கதி. மகள் கயிற்றை அவிழ்க்க வந்ததால் பெட்டியைத் தூக்கி வராண்டா மேடையில் வைத்துவிட்டு, கோலம் போடப் போனேன். கரையிலிருந்து மீனோடு வந்த மல்லிகா அக்காவும் தன் பெட்டியை அதே மேடையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மிச்சமிருந்த பெட்டியை நான் பக்தியோடு உள்ளே கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

மாமியார் இது என்ன பெட்டி என்று கேட்டார். ஆப்பிள் வந்த பெட்டி என்றேன். (பொய்தான். ஆனால் வெள்ளையான பொய்.)

"வெந்துச்சான்னு ஒரு வாட்டி தொறந்து பாத்துடேன்மா. உங்க மாமா பசி தாங்க மாட்டாரு."

திறந்தால் வெப்பம் வெளியேறிவிடும் அத்தை என்று ஆரம்பித்து, வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு மூன்றையும் விளக்கினேன். நான் வெப்பம் வெப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெட்டிக்குள் அப்போது ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பதை வெளியே காட்டிக்கொள்ளாததுதானே தெர்மாகோலின் பெருமை.

இலை போட்டாயிற்று. விளக்கேற்றியாயிற்று. மாமனார் கண்ணை மூடிக் கைகூப்பி, மூன்று முறை கோவிந்தா சொல்லிக் கண்ணைத் திறந்தார். நான் மூடியைத் திறந்தேன்.

சங்கரா மீன். சிவக்கச் சிவக்க, ஒரு பத்து பன்னிரண்டு, ஐஸுக்குள்ளிருந்து மாமனாரை இமைக்காமல் பார்த்தன. அவரும் அவற்றை இமைக்காமல் பார்த்தார். மாமியார் இலையை மட்டும் மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, மல்லிகா அக்கா. என் போனில் ஸ்பீக்கரில்தான் பேச முடியும்.

"டீச்சரம்மா, இன்னாம்மா இது? மீனுன்னு தொறந்தா பொங்கல் கீது. வெட்றதுக்குக் கத்திய எடுத்துகினு குந்திகினு கீறேன். சுத்தி நாலு பேரு சிரிக்கிறாங்க."

அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. மாமனார் அத்தனை நேரமும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேறு ஒரு பிடி அரிசி வேகவைக்க வீட்டில் நெருப்பு இல்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாமா, குழந்தையை எடுத்துக்கொண்டா, விட்டுவிட்டா என்பதுவரை நான் யோசித்து முடித்திருந்தேன்.

மல்லிகா அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கினார். "ஒரு வாய் கூட யாருக்கும் குடுக்கல நைனா" என்று மாமனாரிடம் சத்தியம் செய்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "டீச்சரம்மா மேல தப்பு இல்ல. நான் குடுத்த பழைய மீன் பெட்டிதானே, எனக்கே அடையாளம் தெரில" என்றார்.

ஆப்பிள் பெட்டியும் போயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமனார் எழுந்து வந்து பாத்திரத்தைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு பருக்கையைக் கரண்டி நுனியில் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார், வெண்ணெயாக நசுங்கியது.

"கேஸ் இல்லாமயா வெந்துச்சு?"

பத்து நிமிஷம்தான் மாமா எரித்தேன் என்றேன்.

அவர் சாமி படத்தைப் பார்த்தார். நான் திரும்ப வராண்டா மேடைக்கே கொண்டுபோய் வைத்திருந்த மீன் பெட்டியைப் பார்த்தார். "பெருமாளே மொத மொதல்ல மீனாத்தான் வந்தாரு. அவருக்கே ஆட்சேபம் இல்லன்னா நமக்கு இன்னா? எல போடும்மா" என்றார். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மல்லிகா அக்காவுக்கும் ஓர் இலை போடச் சொன்னார்.

இப்போது எங்கள் வராண்டாவில் நான்கு வீட்டுக்கும் நான்கு பெட்டி. சமையல் பெட்டிக்கெல்லாம் பட்டை நாமம், மீன் பெட்டிக்கு ஒன்றும் கிடையாது; மாமனாரே வந்து பெயின்ட் அடித்துக் கொடுத்தார். கிராமத்திலும் ஒரு பெட்டியில்தான் அவர்களுக்குச் சாதம் வேகிறது. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும், "இன்னிக்கு எந்த அவதாரம்?" என்று கேட்காமல் அவர் விடுவதில்லை.

இதைக் கேட்டுக் கேட்டே என் மகள் வளர்ந்துவிட்டாள். போன மாதம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பயந்துகொண்டே போனேன். டீச்சர் தசாவதாரக் கதையை ஆரம்பித்தவுடன், இவள் எழுந்து நின்றாளாம்: "மிஸ், மொத அவதாரம் எங்க வூட்லதான் வந்துச்சு. கெட்டுப்போகாம ஐஸ் வெச்சு."