தீவில் ஒரு படித்துறை

நான் எழுதிய ஒரே காதல் நாவலை எங்கள் வீட்டில் யாரும் நாவல் என்று சொல்வதில்லை. வாக்குமூலம் என்றுதான் சொல்கிறார்கள்.

கல்லூரி வயதுப் பிள்ளைகள் படிக்கும்படி, பிரிந்த காதலர்கள் மறுபடி சேரும் கதை ஒன்று வேண்டும், தென்னைமரத் தீவு கட்டாயம் என்று ஒரு பதிப்பாளர் கேட்டார். நான் நாங்குநேரிக்காரன் (எங்கள் ஊரில் குளம் நிறைந்தாலே செய்தி). தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் இருக்கும் என்பது மட்டுமே தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

நாயகன் காரணம் சொல்லாமல் தீவைவிட்டு ஓடிவிடுகிறான். ஏன் ஓடினான்? ஒன்பதாம் அத்தியாயத்தில் கை தானாக எழுதிவிட்டது: நாயகியின் அப்பா அவனைக் கடலில் குளிக்கக் கூப்பிட்டார்; அவனுக்கு நீச்சல் தெரியாது.

வழக்கம்போலப் பிழை பார்க்க மனைவி செண்பகத்திடம் தாள்களைக் கொடுத்துவிட்டுக் காபியை எடுத்தபோதுதான் விஷயம் உறைத்தது. அவள் தமிழாசிரியை, கையில் சிவப்புப் பேனா. அதைவிட ஆபத்து, அந்த நாயகியே அவள்தான்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அவளைப் பெண் பார்க்கச் சேரன்மகாதேவிக்குப் போனோம். நான் சொன்ன ஓர் அறுவை ஜோக்குக்கு அவள் தெற்றுப்பல் தெரிய வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அது போதும். ஆனால் அவள் அப்பா, "தம்பி, இலை போடுததுக்குள்ள ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வந்திருவோம்" என்று துண்டை நீட்டினார். நீந்தத் தெரியாது என்று தாமிரபரணிக்காரரிடம் எப்படிச் சொல்வது? அவர் நடு ஆற்றில் மல்லாந்து மிதந்தபடி தன் வயல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். படித்துறையின் மூன்றாம் படிப் பாசியில் வழுக்கிய நான், இடுப்பளவுத் தண்ணீரில் செத்துக்கொண்டிருந்தேன். (பக்கத்தில் நின்ற எருமை பதறவில்லை.) இந்த வீட்டு மருமகனானால் தீபாவளிக்குத் தீபாவளி இந்த ஆறு! ஊர் திரும்பியதும், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்ல வைத்தேன்.

அந்தச் சிரிப்பு விடவில்லை. இரண்டு வருடம் கழித்து, பழைய ஜோசியர் தப்பாகப் பார்த்துவிட்டார் என்று பழியை அவர்மேல் போட்டு மறுபடி போனேன். (ஆற்றுக்கு அழைத்தார்கள். சளி என்றேன். அந்த வீட்டில் எனக்கு இன்றுவரை சளி தீரவில்லை.) இந்தத் தடவை செண்பகம் உதட்டை மூடிச் சிரித்தாள். பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவள் படித்துக்கொண்டிருந்தாள். பேனா நின்றது.

"தீவுல ஏதுங்க நம்ம திருநெல்வேலிச் சொதிக் குழம்பு?"

கற்பனை என்றேன். தாளைப் புரட்டினாள்.

"கடலுக்கு எதுக்குப் படித்துறை? மூணாம் படியில பாசி வேற."

அவள் முதல் பக்கத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள். பேனாவை மூடினாள். கத்துவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை என்றதும்தான் நிஜமாகவே பயந்தேன்.

"அப்ப ஜாதகம் இல்லையா? ரெண்டு வருசம் என் பல்லுதான் காரணம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அப்படி இளிச்சிருக்கக் கூடாதுன்னு அம்மாவே சொன்னா. அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்து சிரிச்சதே இல்ல. கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. (எழுத்தாளன்!)

தாள்களை அடுக்கி வைத்துவிட்டு, "துண்ட எடுங்க" என்றாள்.

அடுத்த பஸ்ஸில் சேரன்மகாதேவி. அதே படித்துறை. மேல்படியில் குடையோடு நின்றாள்.

"பைய இறங்குங்க. ஓடிப்போனவன் திரும்பி வருதானா இல்லையான்னு பாப்போம்."

முதல் படி. இரண்டாம் படி. மூன்றாம் படியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை அடக்கி முங்கினேன். எழுந்தபோது உயிர் இருந்தது, மூக்குக்கண்ணாடி இல்லை. அது பங்குனி மாதம், தண்ணீர் முழங்காலளவுதான், முங்குவதற்கு நான் உட்கார வேண்டியிருந்தது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. மேலேயிருந்து வெடித்துக் கிளம்பிய சிரிப்பு நன்றாகக் கேட்டது. கண்ணாடி இல்லாததால் பல் தெரியவில்லை.

இன்றும் நான் துண்டோடு குளியலறைக்குக் கிளம்பினால், கல்லூரியில் படிக்கும் மகள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா, ஆழம் பாத்து இறங்குங்க."

செண்பகம் வாய்விட்டுச் சிரிப்பாள். அதற்காகவே கண்ணாடியைக் கழற்றாமல்தான் குளிக்கப் போகிறேன்.