மூன்று சுழி நியமணம்

மின்னஞ்சலைப் படித்ததும் பூட்டு சாருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

‘அனைத்துத் துறைகளுக்கும் தகவல் பாதுகாப்புத் தலைவராகத் தங்களை நியமணம் செய்துள்ளோம். பகல் பன்னிரண்டு மணிக்குள் கீழே உள்ள லிங்கை அழுத்திச் சம்மதம் தெரிவிக்கவும். தவறினால் பதவி வேறொருவருக்குப் போகும்.’

அந்தப் பதவிக்காக இருபத்திரண்டு வருஷமாகத் தவம் கிடந்தவர் அவர். நிலப் பதிவு, போக்குவரத்து, சுகாதாரம் என்று துறை துறையாகப் போய், திறந்து கிடந்த கம்ப்யூட்டர்களையெல்லாம் பூட்டி, திறந்திருக்க வேண்டியதையும் சேர்த்துப் பூட்டியதில் வந்த பட்டப்பெயர்தான் பூட்டு. ஆசை, அவசரம், லிங்க், எழுத்துப்பிழை, இந்த நாலும் சேர்ந்தால் மோசடி என்று ஊழியர்களுக்கு வகுப்பெடுத்தே தொண்டை கட்டியவர். அவரிடமேவா இந்த வேலை?

“நியமனத்துக்கு மூணு சுழி ‘ண’ போட்டிருக்கான். அரசாங்கம் இப்படி எழுதுமா?” என்று எதிர் மேஜை உதவி அதிகாரியிடம் கேட்டார். ஓய்வு பெற ஒரு வருஷமே இருந்த அந்த அம்மாளுக்கு, அரசாங்கம் எப்படியெல்லாம் எழுதும் என்பது நன்றாகத் தெரியும்.

“உங்களுக்கு அனுப்புறேன். லிங்க் எங்க போகுதுன்னு தனிக் கம்ப்யூட்டர்ல பாருங்க.”

“சரிங்க சார்.”

பத்தரைக்குச் செயலாளரே போனில் வந்தார். எல்லாத் துறைகளுக்கும் மேலே உட்கார்ந்திருப்பவர்.

“என்னய்யா, மெயில் பாத்தீங்களா?”

“குரல் அச்சு அசலா இருக்கு. மெஷின்ல பண்ணினதா?”

“என்னது?”

“நீங்க செயலாளர்னா, கடைசியா என்னை எதுக்குத் திட்டினீங்கன்னு சொல்லுங்க.”

“ஒண்ணா ரெண்டா, ஞாபகம் வச்சுக்க?”

பதில் தெரியாதவன் மோசடிக்காரன். எண்ணை அடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். கும்பல் செயலாளர் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது என்று தானே முடிவு கட்டி, அங்கிருந்து கிளம்பும் அத்தனை மெயிலையும் நிறுத்தினார். மேலிடத்து உத்தரவு எதுவும் வராததால், அன்று எல்லாத் துறைகளிலும் வேலை மளமளவென்று நடந்ததாகக் கேள்வி.

அடுத்து மனைவி கூப்பிட்டாள்.

“ஏங்க, செயலாளர் வீட்டம்மா பேசினாங்க. உங்களுக்குப் பெரிய பதவியாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“ஓடிபி எதுவும் சொன்னியா?”

“வாழ்த்து சொல்றதுக்கு எதுக்குங்க ஓடிபி?”

“முதல்ல உன் போனை ஆஃப் பண்ணு.”

“முதல்ல உங்களை ஆஃப் பண்ணணும்,” என்று வைத்துவிட்டாள்.

பதினொன்றேகாலுக்குச் செயலாளரின் டிரைவர் காகிதக் கடிதத்தோடு வந்து நின்றார். அதிலும் மூணு சுழி.

“பதினஞ்சு வருஷமா அவர் வண்டிதாங்க ஓட்டுறேன்,” என்றார் டிரைவர் பாவமாக.

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

டிரைவரைக் காவலாளி அறைக்குள் உட்கார வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டேகாலுக்குக் கதவு திறந்தது. வந்தவரைப் பார்த்ததும் பூட்டு சார் நாற்காலியை விட்டு எழுந்தார். குரலை மெஷினில் செய்யலாம், அந்தத் தொந்தியைச் செய்ய முடியாது.

“என் மெயிலை அடைச்சீங்க, போனை அடைச்சீங்க, டிரைவரையும் அடைச்சீங்க. நான் பஸ் ஏறி வரேன்யா,” என்றார் செயலாளர்.

“சார், அப்போ அந்தப் பதவி நிஜமா?” இருபத்திரண்டு வருஷத்தைக் கால் மணி நேரத்தில் கோட்டை விட்டாயிற்று. அழுகையே வந்துவிட்டது. “ஒரே ஒரு நிமிஷம் குடுங்க சார். இப்பவே அழுத்திடுறேன்.”

“எதை அழுத்துவீங்க? பதினொன்னே முக்காலுக்கே சம்மதம் வந்துடுச்சு. இருந்த கோபத்துல படிச்சுக்கூடப் பாக்காம ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். இனிமே அதை யாரும் மாத்த முடியாது.”

பூட்டு சார் திருதிருவென்று விழித்தார். “நான் எதையும் தொடவே இல்லையே சார்.”

எதிர் மேஜை அம்மாள் தயங்கித் தயங்கி எழுந்து நின்றார்.

“லிங்க்ல போனா பேர் கேட்டுச்சு சார். திருட்டுக் கும்பல்கிட்ட உங்க பேரை எதுக்குக் குடுக்கணும்னு, என் பேரைப் போட்டுட்டேன்.”