முருகையாவின் செவ்வந்திக் காவல்

திருவிழா நெருங்கிவிட்டது. முருகையா வீட்டு வாசலில் செவ்வந்திச் செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்து நின்றன. பூ மட்டும் இல்லை.

"எவனோ மொட்டுலயே கிள்ளிட்டுப் போறான்," என்றார் முருகையா.

"மொட்ட நீங்க பாத்தீங்களா?" என்றாள் மனைவி மோகனா.

"பாக்குறதுக்குள்ள கிள்ளிடுறான். கைதேர்ந்த ஆளு."

தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் முருகையாவுக்கு இது மானப் பிரச்சினை. இந்த வருஷம் மாரியம்மனுக்கு முதல் மாலை தன் வீட்டுப் பூவில்தான் என்று கோயில் கமிட்டி முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார். அதனால் செடி நட்ட அன்றே காவலுக்கு ஒரு லைட்டும் மாட்டிவிட்டார். எதிர்மலைப் பூத்தோட்டத்தில் ராத்திரியெல்லாம் லைட் எரிவதை லயத்து வீட்டுச் சனமே பார்க்கிறது. அவ்வளவு பெரிய முதலாளி, தவுக்கே, காரணமில்லாமலா கரண்டுக்குக் கொட்டி அழுவான்? திருட்டுப் பயம்தான்.

ஒரு லைட்டுக்குத் திருடன் மசியவில்லை என்றதும் இரண்டாவதை மாட்டினார். மலையிலிருந்த விட்டில் பூச்சியெல்லாம் அவர் வீட்டுக்குக் குடிவந்தது. மோகனா தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டே சோறு தின்றாள். ஃபேக்டரி லோரிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஸ்பாட்லைட்டையும் மாட்டியபோது, பக்கத்து வீட்டுச் சிங்காரத்தின் சேவல் நடுராத்திரியில் கூவ ஆரம்பித்தது.

சிங்காரம் கண் சிவக்க வந்து நின்றார்.

"விடிஞ்சிடுச்சுன்னு நெனச்சி நேத்து பாதி ராத்திரியில பல்லு வெளக்கிட்டேன்யா. லைட்ட அணைச்சிடு லா."

முருகையாவுக்குப் பொறி தட்டியது. லைட்டை அணைக்கச் சொல்கிறவனுக்கு இருட்டில் என்ன வேலை?

"அணைச்சா மொட்டு கிள்ள வசதியா இருக்குமோ?" என்று கேட்டேவிட்டார்.

சிங்காரம் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். சின்ன வயதிலிருந்து கூடவே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த மனுஷன், மறுநாள் கடையில் வேறு மேசைக்குப் போய்விட்டார். முருகையா தன் கிளாஸைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். ஆனாலும் வீம்பு விடவில்லை. இன்னொரு லைட் வாங்கி, சிங்காரம் வீட்டுப் பக்கமாகவே திருப்பி வைத்தார்.

திருவிழாவுக்கு முந்தின நாளும் செடியில் இலைதான். வேறு வழியில்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்மலைப் பூத்தோட்டத்துக்கே போனார். அங்கே ரஞ்சிதம் என்ற பெண் செவ்வந்தியைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பூவை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கள மாதிரியே நானும் ராத்திரியெல்லாம் லைட் போட்டுக் காவல் காத்தேம்மா. அப்படியும் பக்கத்து வீட்டுக்காரன் ஒரு மொட்டு விடாம திருடிட்டான்."

ரஞ்சிதம் அடுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"செடி நல்லா உசந்து வளர்ற வரைக்கும் மொட்டு விடக்கூடாதுன்னுதான் அண்ணே நாங்க லைட்டே போடுறோம், பூ வேணும்னா அணைச்சிடுவோம். வராத மொட்ட அந்த மனுசன் எப்படித் திருடுனாரு?"