தரைவழி ஆலோசகர்

ரயில் தாமதமாக வந்து தொலைத்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம்.

"விமானத்துல வந்த ஜனமெல்லாம் போயிடுச்சுடி," என்று ஆலோசகர் கைபேசியில் கிசுகிசுத்தார். விமான நிலையத்தின் வருகைக் கூடம் காலியாகக் கிடந்தது. 'டிரைவர் காத்திருக்கிறார், சிவப்புத் தொப்பி' என்று வந்த செய்தியை நம்பித் தேடினார். சிவப்புத் தொப்பியையும் காணோம்.

"அதுக்கு என்னங்க இப்ப?" என்றாள் மனைவி.

"ஒவ்வொரு தடவையும் இறங்கி வர்ற கூட்டத்தோட கூட்டமாக் கலந்துடுவேன். இன்னிக்குக் கலக்கறதுக்கு ஆளே இல்லையே!"

"பேசாம உண்மையச் சொல்லிடுங்களேன். விமானம்னா பயம், ரயில்லதான் வந்தேன்னு."

"நீச்சல் சொல்லிக்கொடுக்கறவன் தண்ணின்னா பயம்னு சொல்லலாமா? அப்புறம் எவன் வேலை கொடுப்பான்? இந்த வருஷம் நம்ம கையில இருக்கறதே இது ஒண்ணுதான்."

விமான நிலையங்களுக்குப் பாதுகாப்புத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். விமானத்தில் ஒரு முறைகூட ஏறியதில்லை என்பது அவர் ரகசியம். எதைப் பார்த்தாலும் "இப்படி ஆச்சுன்னா?" என்று கேட்பார். அதனால் தொழிலில் அவருக்கு 'ஆச்சுன்னா சார்' என்றே பெயர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் இருட்டில் நிஜமாகவே பேய் நிற்கிற அன்றைக்கு, அதை முதலில் பார்ப்பவனும் அரண்டவன்தானே? ஒரு நிலையத்தில் தீயணைப்பு வண்டிக் கொட்டகையின் மின்சாரக் கதவைப் பார்த்து, "கரண்ட் போச்சுன்னா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிடிவாதமாகக் கையால் இழுத்துத் திறக்கிற சங்கிலி ஒன்றைப் போட வைத்தார். பிறகு ஒரு புயல் நாளில் மின்சாரம் போய், சக்கரம் புகைய ஒரு விமானம் இறங்கியபோது, அந்தச் சங்கிலியை இழுத்துத்தான் கதவைத் திறந்தார்கள். இப்படியொரு பயந்தாங்கொள்ளி ஊருக்கு ஒருவர் இருந்தால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கூடத்தின் மறுகோடியில் காலடிச் சத்தம் கேட்டது. விமான நிலைய இயக்குநர் அம்மாள், நாலைந்து அதிகாரிகள் புடைசூழச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆலோசகருக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் இருந்த கதவு திறந்து, இரண்டு விமானிகள் பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். இரண்டு எட்டு உள்ளே வைத்து, திரும்பி வெளியே வந்தால் போதும், இப்போதுதான் இறங்கி வந்த மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டார். நுழைந்தார்.

கதவு அலறியது.

"சார், எங்க போறீங்க?" காவல்காரப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"பையை உள்ள மறந்துட்டேம்மா."

"தோள்ல தொங்குதே, அது யார் பை?"

"இது... வேற பை. இப்ப வந்த விமானத்துலதான் நானும் வந்தேன்."

"இப்ப வந்தது சரக்கு விமானம் சார். நீங்க என்ன பார்சலா?"

அதற்குள் இயக்குநர் அம்மாளே வந்துவிட்டார். ஆலோசகருக்கு அப்போது தொழில் புத்திதான் கைகொடுத்தது.

"சோதனை!" என்றார். "சும்மா சோதிச்சுப் பாத்தேன். சபாஷ்மா, நல்லாப் பிடிச்சே!"

"அடடா! வந்ததும் வராததுமா வேலையை ஆரம்பிச்சுட்டீங்களே!" என்று இயக்குநர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"மேகம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்படியா," என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது சிவப்புத் தொப்பிக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "சார்! உங்கள எங்கெல்லாம் தேடறது? காலைலேருந்து கால் கடுக்க நிக்கறேன், அங்க..."

"சரி சரி, கிடைச்சுட்டாருல்ல? விடுங்க," என்று இயக்குநர் அவரை அடக்கினார்.

துணை மேலாளருக்கோ உற்சாகம் மீசை நுனி வரை ஏறியிருந்தது. "மேடம், சார் இவ்வளவு வேகமா இருக்கறப்பவே விமானத்துக்குள்ளயும் கூட்டிட்டுப் போயிடலாம். அங்க ஒண்ணு சும்மாதான் நிக்குது."

"வேண்டாம், சார் களைச்சுப் போயிருப்பார். வரைபடத்துலயே பாத்துக்கலாம்," என்றார் இயக்குநர்.

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆமாம் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. களைப்பு என்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தாரோ என்னவோ, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார்.

"களைப்பெல்லாம் இல்லை. கால்தான் சுளுக்கிடுச்சு. படி ஏற முடியாது."

"அவ்வளவுதானே!" மீசை துள்ளியது. "நம்மகிட்ட தூக்கு வண்டி இருக்கே! சக்கர நாற்காலியோட அப்படியே தூக்கி விமானக் கதவுகிட்ட விட்டுடும்!"

மறுக்க வாய் திறப்பதற்குள் நாற்காலி வந்தது, வண்டி வந்தது, ஆலோசகர் மேலே போய்க்கொண்டிருந்தார். பாதி உயரத்தில் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து கீழே பார்த்தார்.

"நிறுத்துங்க! சக்கரத்துக்கு முட்டுக்கட்டை எங்கே?"

"கை பிரேக் போட்டிருக்கு சார்," என்றார் வண்டியை இயக்குபவர்.

"அது விட்டுப் போச்சுன்னா?"

"விட்டெல்லாம் போகாது சா..."

வண்டி ஒரு சாண் நகர்ந்தது. யாரோ பாய்ந்துபோய் பிரேக்கை மிதித்தார்கள். மேடை கீழே இறங்கியதும் ஆலோசகர் நாற்காலியிலிருந்து குதித்து, சக்கரத்துக்குச் சக்கரம் ஓடி ஓடிக் காட்டினார். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு! கட்டை வைக்காம ஒருத்தரையும் ஏத்தக்கூடாது!"

"சார், கால் சுளுக்கு?" என்றார் மீசை.

"அதிர்ச்சியில சரியாப் போச்சு."

இயக்குநர் அம்மாளின் முகத்தில் சிரிப்பில்லை. "நடக்க முடியாத எத்தனை பேர் இதுல தினமும் ஏறுறாங்க!" என்றார் மெதுவாக. பிறகு ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நிலையம் முழுக்க நீங்கதான் பாக்கணும். திரும்பிப் போக டிக்கெட்டும் நாங்களே எடுத்துட்டோம். டிரைவர்கிட்ட இருக்கு. ஜன்னலோரம்!"

ஆலோசகர் தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

அன்றைய வேலை முடிந்து காரில் உட்கார்ந்ததும் மனைவியை அழைத்தார். "பீரோ சாவி மேல்தட்டுல இருக்கு. எதுக்கும் சொல்லி வெக்கறேன்."

"ஐயையோ, விமானத்துலயா? வேண்டாங்க! வேலை போனாப் போகட்டும்."

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. ஆனா அந்தத் தூக்கு வண்டி மாதிரி இங்க இன்னும் என்னெல்லாம் இருக்கோ! நான் விட்டுட்டுப் போனா யாரு பாக்கறது? ஏறிடறேன்." குரல் நடுங்கியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், கார் விமான நிலையத்தின் வெளிவாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்பா, புறப்படற இடம் அந்தப் பக்கமாச்சே?"

டிரைவர் சிவப்புத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"ரயில்வே ஸ்டேஷனுக்குத்தான் சார் போறோம், காலைலயும் உங்களுக்காக அங்கதான் போர்டோட நின்னேன், 'இதுக்கு முன்னாடி விமானத்துல ஜம்முனு வந்து இறங்கின நாலு ஆலோசகருங்களும் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க, ஏறவே பயப்படற ஒருத்தரை இப்பதான் தேடிப் பிடிச்சிருக்கேன், பத்திரமாக் கூட்டிட்டு வா'ன்னு மேடம் சொல்லி அனுப்பினாங்க!"